முப்பதாயிரத்து முப்பத்தோர் ஓடுகள்

ராயபுரம் கடற்கரையில், மீன் காயப்போடும் மணலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே, அட்டி ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அதன் முழுப்பெயர் கரையோரச் சரக்கு அட்டிச் சமன் இலாகா. பலகையில் அந்தப் பெயர் ஒரு வரியில் கொள்ளவில்லை. இரண்டு வரியாக எழுதியபோது மேல்வரியும் கீழ்வரியும் சமமாக இல்லை என்று மூன்று தடவை சுரண்டிவிட்டு எழுதினார்கள். இந்த இலாகா வருவதற்கு முன்னால் ராயபுரம் எப்படித்தான் பிழைத்ததோ என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நன்றாகவே பிழைத்ததாக ஊரில் சொல்கிறார்கள்.

சரக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது அட்டி. படகிலிருந்து இறங்கும் சரக்கு செங்கல்லோ மூட்டையோ தேங்காயோ, எதுவானாலும் இலாகாவின் முற்றத்தில் சரிசமமான அட்டிகளாக அடுக்கப்பட வேண்டும். ஓர் உருப்படிகூட மீறி வெளியே உட்காரக் கூடாது. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வெகு காலத்துக்கு முன் ஒரு துரை கடற்கரையில் உலாவ வந்தபோது, குவியலைவிட்டு உருண்டு கிடந்த ஒற்றைத் தேங்காய் தடுக்கி விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று. வேறு யாராவது விழுந்திருந்தால் தேங்காயைத் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். துரை ஓர் இலாகாவை உண்டாக்கினார்.

எத்தனை அட்டி போடலாம் என்பதற்கும் விதி இருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. இந்த ஆறில் ஏதாவது ஒன்றில் மிச்சம் விழாமல் சரக்கு அடங்கிவிட்டால் போதும். புத்தகத்தில் 'மிச்சம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விட்டுவிடுவார்கள். நான்கு ஏன் இல்லை என்றால், நான்கு இரண்டின் பிள்ளை. ஆறு, இரண்டுக்கும் மூன்றுக்கும் பிறந்தது. பெற்றவர்கள் பட்டியலில் இருந்தால் பிள்ளைகள் எதற்கு என்பது துரையின் எண்ணம். சரி, பதினேழு யார் பெற்ற பிள்ளையும் இல்லையே, அது ஏன் இல்லை என்று கேட்கலாம். முற்றத்தின் அகலத்தில் பதின்மூன்று அட்டிக்குமேல் இடம் கிடையாது. ஆகவே பதின்மூன்றோடு கணித சாஸ்திரத்தையும் முடித்துவிட்டார்கள்.

பதினேழு தேங்காய் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஆபீஸில் ஒன்றை உடைத்துத் தின்றுவிட்டால் மீதி பதினாறு இரண்டுக்கு அடங்கிவிடும். இருபத்து மூன்று வஞ்சிரம் வந்தால் ஒன்று சூப்பரிண்டெண்டு லோகநாதன் வீட்டுக் குழம்புக்குப் போகும். இப்படி அவர் காலத்தில் பதினெட்டு வருஷமாக இலாகாவுக்கும் கணிதத்துக்கும் ஒரு தகராறும் இல்லாமல் இருந்தது. கூரை ஓட்டைத் தின்ன முடியாது என்பதுதான் 1930ஆம் வருஷம் வந்த வினை.

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரமாக ஒரே வரிசையில் ஐம்பத்தொன்பது குடிசைகள் இருந்தன. அந்தப் பங்குனியில் எஞ்சினிலிருந்து பறந்த நெருப்புப் பொறி ஒரு மத்தியானத்துக்குள் அவ்வளவையும் சாம்பலாக்கியது. இனிமேல் அங்கே கீற்றுக் கூரை போடக்கூடாது என்று உத்தரவாயிற்று. ஜனங்கள் மண்சுவரை எழுப்பிவிட்டு, சீமை ஓட்டுக்காக ஆறு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள். அந்த வரிசையிலேயே குடியிருந்த தச்சன் நீலமேகம் கயிறு பிடித்து அளந்து சொன்னான். எல்லா வீடும் ஒரே அளவு. ஒரு சரிவுக்கு வரிசைக்கு இருபத்து மூன்று ஓடு வீதம் பதினொரு வரிசை. இரண்டு சரிவுக்கும் சேர்த்து ஐந்நூற்றாறு. வாசற்படியில் சாரல் அடிக்காமலிருக்க மூன்று. ஆக வீட்டுக்கு ஐந்நூற்றொன்பது. ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. உடைசலுக்கென்று ஒன்றுகூட அதிகம் கிடையாது, ஏனென்றால் சேர்ந்தது அவ்வளவுதான்.

மேற்குக் கரையிலிருந்து ஓடு புரட்டாசி நடுவில் வந்து இறங்கியது. வழியில் ஒன்றும் உடையவில்லை. அதற்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தியும் தர்காவில் சர்க்கரையும் வைத்தார்கள். அது எவ்வளவு பெரிய துரதிர்ஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

வரிசையின் கடைசி வீட்டுக்காரி கெங்கம்மா. துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமப்பவள். யாரிடமும் பயப்படாமல் பேசுவாள் என்பதால் எல்லார் சார்பிலும் ஓட்டை மீட்டு வர அவளை அனுப்பினார்கள். அவளுக்கும் அவசரம் இருந்தது. மகள் வேம்பு நிறைமாதமாக வந்திருந்தாள். ஐப்பசி பிறந்தால் பிள்ளையும் வரும், மழையும் வரும். வீட்டில் நாலு சுவர் இருந்தது, மேலே ஒரு கிழிந்த பாய்மரத் துணி இருந்தது. பிள்ளையோ மழையோ, எது முதலில் வந்தாலும் அதற்குள் தலைக்குமேல் ஓடு ஏறிவிட வேண்டும். கெங்கம்மாவுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

சரக்கை அடுக்கிக் காட்டவேண்டியது சரக்குக்காரர்களின் பொறுப்பு. ஐம்பத்தொன்பது வீட்டு ஜனமும் வேலைக்குப் போகாமல் வந்து, முதல் நாள் இரண்டு அட்டி போட்டார்கள். அட்டி என்று பெயரே தவிர ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர் மாதிரி பதினையாயிரத்துப் பதினைந்து ஓடு. சாயங்காலம் பார்த்தால் மணலில் ஒற்றை ஓடு மிச்சம். லோகநாதன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, நாளைக்கு மூன்று போடுங்கள் என்றார். மறுநாள் மூன்று போட்டார்கள். ஒன்று மிச்சம். ஐந்து போட்டார்கள். ஒன்று மிச்சம்.

அவருக்குச் சந்தேகம் வந்தது. மீறுவது ஒரே ஓடுதான், அதுதான் மற்றவற்றோடு ஒத்துப்போக மறுக்கிறது என்று முடிவு செய்து, மூன்றாம் நாள் மிஞ்சிய ஓட்டின்மேல் சிவப்பு மையால் கோடு போடச் சொன்னார். பியூன் தேசப்பன் போட்டான். நாலாம் நாள் ஏழு அட்டி. மிச்சம் ஒன்று. ஆனால் அதில் சிவப்புக் கோடு இல்லை. கோடு போட்ட ஓட்டைத் தேடியதில் அது நாலாவது அட்டிக்குள் மற்றவற்றோடு ஒன்றாக உட்கார்ந்திருந்தது. அது திருந்திவிட்டது என்று லோகநாதன் குறித்துக்கொண்டார். கெட்ட பழக்கம் வேறொரு ஓட்டுக்குத் தொற்றியிருக்கிறது என்றும் குறித்துக்கொண்டார். பதினொரு அட்டிக்கு ஒரு சிவப்புக் கோடு, பதின்மூன்று அட்டிக்கு ஒரு சிவப்புக் கோடு. ஆறு நாளில் பட்டியல் தீர்ந்துபோயிற்று. ஜனங்களுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

கெங்கம்மா தேசப்பனைத் தனியே கூப்பிட்டு, இதற்கு என்ன வழி என்று விசாரித்தாள். தேசப்பன் நல்லவன். துரைமார் பங்களாவில் வேலை பார்த்து நாலு வார்த்தை இங்கிலீஷும் கற்றவன். வழக்கமாக மிஞ்சுவதை ஆபீஸில் தின்றுவிடுவோம், நீங்கள் ஓட்டைக் கொண்டுவந்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டான். அப்படியானால் ஒரு ஓட்டை உடைத்துக் கடலில் போட்டுவிடுகிறேன், என் வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் லோகநாதனிடமே போய்ச் சொன்னாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கப்பல் சீட்டில் முப்பதாயிரத்து முப்பத்தொன்று என்று எழுதியிருக்கும்போது ஒன்றைக் குறைப்பது சரக்குக் குறைப்புக் குற்றம் என்றார். தேங்காயில் மட்டும் குறைக்கிறீர்களே என்று அவள் கேட்டதற்கு, தேங்காய் உணவுப்பொருள், அது வேறு பிரிவில் வருகிறது என்றார்.

அப்போதுதான் கெங்கம்மா, இலாகா தோன்றிய நாளிலிருந்து யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அய்ம்பத்தொம்போது அட்டி போடுங்க சார். ஒண்ணுகூட மீறாது."

லோகநாதன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். "ஐம்பத்தொன்பது என்று ஓர் எண்ணே இதில் இல்லை. அது உனக்கு எங்கிருந்து கிடைத்தது?"

"எங்க லைன்ல அத்தினி வூடு கீது."

அவர் பரிதாபமாகச் சிரித்தார். வீட்டை எண்ணுவது வேறு, கணிதம் வேறு என்று பொறுமையாக விளக்கினார். பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் முற்றத்தை அகலப்படுத்த வேண்டும், முற்றத்தை அகலப்படுத்தக் கடலைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும், கடல் இன்னொரு இலாகாவைச் சேர்ந்தது.

ஆனாலும் விஷயம் பெரிதாகிவிட்டது. ஆறு எண்ணுக்கும் அடங்காத சரக்கு வந்திருக்கிறது என்று மேலே எழுதினார். மேலேயிருந்து ஒரு கணித நிபுணரை அனுப்பினார்கள். தலைப்பாகை, கைத்தடி, மூக்குக் கண்ணாடி மூன்றும் உடையவர். அவர் ஓட்டைப் பார்க்கவில்லை. ஓட்டைப் பார்த்தால் எண்ணின் தூய்மை கெட்டுவிடும் என்று ஆபீஸ் அறைக்குள்ளேயே உட்கார்ந்து ஆறு நாள் வகுத்தார். நாளுக்கு ஒரு வகுத்தல். ஏழாம் நாள் முற்றத்தில் நாற்காலி போட்டுத் தம் முடிவைப் பேசினார். கெங்கம்மாவும் ஜனங்களும் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"இது பகா எண். அதாவது யாராலும் பங்கு போட முடியாத எண். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சாஸ்திரப்படி இப்படிச் சொல்வதற்குமுன் நூற்று எழுபத்து மூன்று வரைக்கும் உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குச் சாங்ஷனான படிப்பணம் ஆறு நாளைக்குத்தான். ஆறு நாளில் ஆறு வகுத்தல் நடந்திருக்கிறது. அதற்குமேல் இந்த எண்ணை வேறு ஏதாவது வகுக்கும் என்று நம்பினால், அது சர்க்கார் செலவில்லாமல் உண்மை கிடைக்கும் என்று நம்புவதாகும். அப்படிப்பட்ட உண்மையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை."

இதற்கு எல்லாரும் கைதட்டினார்கள், ஏனென்றால் தேசப்பன் தட்டச் சொன்னான். நிபுணர் தண்ணீர் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். இன்னொரு சங்கதியையும் கண்டுபிடித்திருக்கிறேன் என்றார். இலாகாவின் ஆறு எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கினால் முப்பதாயிரத்து முப்பது வருகிறது. சரக்கு அதற்குமேல் சரியாக ஒன்று. ஆறையும் பெருக்கி அதன் தலையில் ஒன்றை வைத்தால் அந்த ஆறில் எதற்கும் அந்த எண் அடங்காது, எதில் வகுத்தாலும் அந்த ஒன்று மிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். இது தற்செயலாக வருமா? நம் விதியைக் கரைத்துக் குடித்த எவனோ ஒருவன் வேண்டுமென்றே செய்த எண் இது என்றார்.

அந்த வருஷம் கடற்கரையில் உப்புக் காய்ச்சியதற்கே ஆட்களைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். லோகநாதனுக்கு வியர்த்துவிட்டது. ஓர் எண் சட்டமறுப்பில் இறங்கிவிட்டது, அதுவும் அவருடைய முற்றத்தில். உடனே நீலமேகத்தைக் கூப்பிட்டு நிறுத்தி, இந்த எண்ணை உனக்குச் சொல்லிக்கொடுத்த தலைவர் யார் என்று விசாரித்தார்.

நீலமேகம் யோசித்துவிட்டு, "ஓட்டுக்கு அகலம் ஒம்போது அங்குலம் சார்," என்றான்.

எந்தச் சபையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டார். "வூடு முழுசும் ஒரே அளவு சார்," என்றான். வேறு எதைக் கேட்டாலும் அவனிடம் அளவைத் தவிர ஒன்றும் இல்லை. கெட்டிக்காரச் சதிகாரன் என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் ஓட்டைப் பிடிக்கலாம் அல்லவா. பதின்மூன்று அட்டிக்குமேல் கடைசியாக மிஞ்சியிருந்த அந்த ஒற்றை ஓட்டைக் கைது செய்ய உத்தரவாயிற்று. அதைச் சிவப்பு நாடாவால் கட்டி, நடுவில் அரக்கு முத்திரை வைத்து, லோகநாதனின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். வழக்கு முடிகிறவரைக்கும் அது சாட்சிப்பொருள். காற்றில் காகிதம் பறக்காமல் இருப்பதற்கும் அது உபயோகப்பட்டது.

முற்றத்தில் இப்போது முப்பதாயிரத்து முப்பது. கெங்கம்மாவுக்கு மூச்சு வந்தது. போகட்டும், கூரையில் ஒரு ஓட்டை இருந்தால் அதன் கீழே சட்டியை வைத்துக்கொள்ளலாம், மீதியை வண்டியேற்றுங்கள் என்று ஜனங்களிடம் சொன்னாள். மாட்டு வண்டிக்காரர் மதார் சாகிப் பத்து நாளாகத் தண்டையார்ப்பேட்டையிலிருந்து வண்டிகளை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, சாயங்காலம் காலியாகத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவரும் நுகத்தடியில் கைவைத்தார்.

அதற்குள் உள்ளேயிருந்து லோகநாதன் கையில் காகிதத்தோடு ஓடிவந்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. வகுத்துப் பார்த்தாராம். இரண்டுக்கு அடங்குகிறது. மூன்றுக்கு அடங்குகிறது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஆறுக்கும் ஒரே மாதிரி அடங்குகிறது.

"பதினெட்டு வருஷம் இந்த இலாகாவில் இருக்கிறேன்," என்றார் அந்த ஜனங்களைப் பார்த்து. "ஒரு தேங்காயைக்கூட வரிசைக்கு வெளியே உட்கார விட்டதில்லை. என்னால் இந்தக் கரையில் வியாபாரமே குறைந்துவிட்டது என்று சிலர் பேசுகிறார்கள். குறையட்டும். வருகிற சரக்கு ஒழுங்காக இருக்கிறதா இல்லையா? சரக்கே வராவிட்டால் அதைவிட ஒழுங்கு. ஆனால் இப்படி ஒரு பணிவை நான் பார்த்ததில்லை. ஆறு எண்ணுக்கும் அடங்கிய சரக்கு இந்தக் கரையில் இன்றுவரை இறங்கியதில்லை. இதைப்போய் வண்டியில் ஏற்றிக் கூரைமேல் போடுவதா? மேலே எழுதியிருக்கிறேன். பெரிய துரை நேரில் வந்து பார்க்கப்போகிறார். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அடங்காதபோது தண்டனையாகப் பிடித்துவைத்தார்கள், அடங்கியபோது மரியாதையாகப் பிடித்துவைத்தார்கள். இரண்டுக்கும் காவல்காரன் ஒருவன்தான். கெங்கம்மா மணலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. வேம்புக்கு அன்று காலையிலிருந்து பொய்வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

தேசப்பன் பக்கத்தில் வந்து குந்தினான். "அழாதே அக்கா. வெள்ளிக்கெழம பெரிய தொர வராரு. அந்தாளுக்கு அட்டின்னா இன்னான்னே தெரியாது. தெரியாதவன்கிட்டதான் எதுவும் நடக்கும்."

வெள்ளிக்கிழமை காலை பெரிய துரை மோட்டாரில் வந்தார். முற்றத்தில் பதின்மூன்று அட்டிகள் சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு சாமந்திப்பூ. லோகநாதன் ஒவ்வொரு வகுத்தலாகத் தொடங்கி ஐந்தாம் வகுத்தலை விவரித்துக்கொண்டிருந்தபோது துரை கொட்டாவியை அடக்கினார். ஆறாவது முடிந்ததும், ஏதோ கேட்டாக வேண்டுமே என்பதற்காக, இவை வேறு எந்த எண்ணுக்காவது அடங்குமா, காட்டுங்கள் பார்க்கலாம் என்று இங்கிலீஷில் கேட்டார்.

பதினெட்டு வருஷ சர்வீஸில் லோகநாதனை யாரும் கேட்டிராத கேள்வி அது. அவர் பட்டியலைப் பார்த்தார். பட்டியல் அங்கேயே முடிந்திருந்தது. தேசப்பன் இடையில் தலையை நீட்டி, "பிப்டி-நைன் சார். நோ பேலன்ஸ் சார். திஸ் லேடி ஷோயிங்," என்று கெங்கம்மாவைக் காட்டினான்.

துரைக்கு ஐம்பத்தொன்பது என்ற எண் பிடித்திருந்தது. அது அவருடைய வயதாகவும் இருக்கலாம். காட்டட்டும் என்றார். முற்றத்தில் பதின்மூன்றுக்குமேல் இடமில்லை என்று லோகநாதன் ஈனஸ்வரத்தில் சொன்னார். ஆமாம், இடமில்லை என்று கெங்கம்மாவும் ஒப்புக்கொண்டாள். வாசலுக்கு வெளியே, கொருக்குப்பேட்டை போகிற பாதை ஓரமாக வைத்தால்தான் அத்தனை அட்டியும் கொள்ளும் என்றாள். தேசப்பன் அதையும் மொழிபெயர்த்தான். இடமில்லாவிட்டால் வெளியே வைக்கவேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்று துரை கேட்டார். இலாகாவில் அதுவரை யாருக்கும் அந்த யோசனை வரவில்லை என்பதை லோகநாதன் சொல்லவில்லை.

துரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். அவர் மோட்டார் திரும்புவதற்குள் ஐம்பத்தொன்பது குடும்பமும் முற்றத்துக்குள் புகுந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரவருக்கு அவரவர் வீட்டுக் கணக்கு மனப்பாடம். தலைக்குப் பத்துப் பத்தாகச் சுமந்து வாசலைத் தாண்டிப் போய்ப் பாதையோரம் அடுக்கினார்கள். கிழவிகள் எண்ணினார்கள். மதார் சாகிப் ஒவ்வோர் அட்டிக்கும் பக்கத்தில் வண்டியைத் தயாராக நிறுத்திக்கொண்டே வந்தார். மணி மூன்றுக்கு முற்றத்தில் சுண்ணாம்புக் கோடும் பதின்மூன்று சாமந்திப்பூவும்தான் இருந்தன.

துரை வந்து பாதையோரமாக நடந்தார். சின்னச் சின்னதாக, அழகாக, ஐந்நூற்றொன்பது ஐந்நூற்றொன்பதாக அட்டிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பம். அவருக்கு நடை சுகமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசி அட்டிக்குப் பின்னால் கெங்கம்மா நின்றிருந்தாள். அதன் உச்சியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

இது ஏன் ஒன்று குறைகிறது என்று துரை கேட்டார்.

தேசப்பன் மொழிபெயர்ப்பதற்குள் லோகநாதனுக்குப் புரிந்துவிட்டது. துரையின் புருவம் ஏறுவதைப் பார்த்தார். பதினெட்டு வருஷம், வரவேண்டிய பதவி உயர்வு, ராயபுரமே பார்த்துக்கொண்டிருக்கிறது. மிச்சம் விழுந்தால் சரக்குக்காரன்மேல் போடலாம், குறைந்தால் யார்மேல் போடுவது என்று விதியில் இல்லை. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குள் ஓடினார். மேஜைமேல் இருந்த கைதியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, பாதை முழுவதும் ஓடிவந்து, ஐம்பத்தொன்பதாவது அட்டியின் உச்சியில் வைத்தார். அவர் உத்தியோகத்தில் சுமந்த முதல் சரக்கு அது. நிபுணர் யாராலும் பங்கு போட முடியாது என்று சொன்ன எண், ஐம்பத்தொன்பது வீட்டுக்கும் ஒன்றுபோலப் பங்காகிக் கிடந்தது.

துரை சந்தோஷமாக, மிச்சம் எவ்வளவு என்று கேட்டார்.

"இல்லை," என்றார் லோகநாதன் மூச்சிரைத்துக்கொண்டு.

அப்படியானால் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் துரை. கையெழுத்தின் மை காய்வதற்குமுன் மதார் சாகிப்பின் முதல் மாடு நகர்ந்துவிட்டது.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நீலமேகம் கூரையைவிட்டு இறங்கவில்லை. திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்தது. அதற்கு ஒரு நாழிகைக்குப் பிறகு வேம்புக்குப் பெண் பிறந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. கெங்கம்மா அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இலாகாவில் சாட்சிப்பொருள் பதிவேடு என்று ஒன்று உண்டு. கார்த்திகையில் அதைச் சரிபார்க்க வந்தவர்கள், அரக்கு முத்திரை வைத்த ஓடு ஒன்று மேஜைமேல் காணப்படவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சட்டமறுப்பு வழக்கில் கைதான ஓடு தப்பிவிட்டது. அதைச் சூப்பரிண்டெண்டு நேரில் போய்த் தேடிப் பிடித்துவர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

லோகநாதன் குடையோடு கிளம்பினார். கொருக்குப்பேட்டை லெவல் கிராசிங்கில் காற்று குடையைத் திருப்பியது, அடுத்த காற்று பிடியை மட்டும் அவர் கையில் விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோயிற்று. முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். சிவப்புக் கோடு போட்ட ஓடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. அவையெல்லாம் திருந்தியவை. கடைசி வீட்டை அடைந்தபோது மழை முகத்தில் அறைந்ததால் வாசற்படியில் ஏறிச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். உள்ளே தூளி தொங்கியது. கெங்கம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

வந்த காரியத்தைச் சொன்னார். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க? உங்க தலைக்கு மேலதான் கீது. எடுத்துக்கினு போங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். வாசற்படிக்குமேல் சாரலுக்காகப் போட்ட மூன்று ஓட்டில் நடு ஓடு அது. சிவப்புக் கோடும் இருந்தது, உருகி வழிந்த அரக்கும் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர் தலை. அவர் கையை மேலே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்துவிட்டுக் கீழே இறக்கினார். மடியிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்து, 'கொருக்குப்பேட்டையில் வீடு வீடாகத் தேடியும் பொருள் அகப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மழை வலுத்தது. ஐம்பத்தொன்பது வீட்டிலும் ஜனங்கள் அவரவர் கூரைக்குக் கீழே அடங்கிவிட்டார்கள். அந்த வரிசை முழுவதிலும் வெளியே மீந்து நின்றது ஒருவர்தான். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். காலை மடக்கி இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கெங்கம்மா எழுந்து வந்து கதவை முழுக்கத் திறந்தாள்.

"இன்னாத்துக்கு ஒத்தையா நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க சார். கொயந்த அழுவுது, அந்தத் தூளிய கொஞ்சம் ஆட்டுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தூளிக் கயிற்றைப் பிடித்தார்.